மாப்பிள்ளையின் கொம்பும் தலைவரின் தேதியும்

நகரசபை விலங்குப் பூங்காவின் சுவரொட்டியில் இரண்டு முகங்கள் இருந்தன. முன்னால் நகரசபைத் தலைவர், பின்னால் ஓர் ஆண் மான். அச்சகத்தில் படங்களைச் சேர்த்தவர் அவசரத்தில் மானின் தலையைத் தலைவரின் தலைக்கு நேர் பின்னால் வைத்துவிட்டார். அதனால் பன்னிரண்டு கிளையுள்ள கொம்பு தலைவரின் வகிட்டிலிருந்து கிளம்பி இரண்டு பக்கமும் விரிந்ததுபோல் தெரிந்தது. நகரசபையில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் தலைவரிடமே காட்டினார்கள். அவர் இரண்டடி தள்ளி நின்று பார்த்து, "கம்பீரமா இருக்கு" என்றார். நாலாயிரம் பிரதி அச்சாகி ஊர் முழுக்க ஒட்டப்பட்டது.

அந்தக் கொம்புக்கு உரியவன் பெயர் மாப்பிள்ளை. பெயர் வைத்தவர் அவனைப் பராமரிக்கும் மான்காரர். யாரோ எதிர்கொண்டு அழைக்கப்போகிறார்கள் என்ற நிச்சயத்தோடுதான் அவன் நடப்பான். தீனி ஐந்து நிமிடம் தாமதமானால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். எவ்வளவு கெஞ்சினாலும் முதல் கவளத்தைத் தொட மாட்டான், இரண்டாவதைத் தொடுவான். அடைப்புக்குள் ஒன்பது பெட்டை மான்களும், விரல் நீளக் கொம்போடு இரண்டு இளவட்டங்களும்கூட இருந்தன. வருகிறவர்கள் எல்லாவற்றையும் எண்ணிவிட்டு மாப்பிள்ளையை மட்டும் படமெடுத்துக்கொண்டு போவார்கள்.

மான்காரர் பதினோரு வருடமாகத் தற்காலிகப் பணியாளர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவரை ஒரு நாள் வேலையிலிருந்து நீக்கிவிட்டு மறுநாள் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். அந்த ஒரு நாளிலும் அவர்தான் தீனி போடுவார். தான் நீக்கப்பட்ட செய்தியை மான்களிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. நிரந்தரமானால் அடைப்பின் பின்வேலியை ஒட்டியிருக்கும் இரண்டு அறை வீடு கிடைக்கும். தனிக் குழாய், துணி காயப்போட முற்றம். முன்பிருந்தவர் ஓய்வு பெற்றதிலிருந்து மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது.

அந்த வீட்டின் மேல் அவரைவிட அவர் மனைவிக்குத்தான் கண். அவள் தையல்காரி. இப்போது மாடியில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறார்கள். தையல் இயந்திரத்தை மிதித்தால், கீழே இருக்கும் வீட்டுக்காரர் ஒட்டடைக் கம்பால் தன் கூரையைக் குத்துவார்.

"அந்த மனுஷன் குத்துற குத்துல எனக்குத் தையல் கோணிக்கிட்டுப் போகுது" என்பாள். "கோணாத சட்டை வேணும்னா அடுத்த வருஷம் வாங்கன்னு ஆளுங்ககிட்ட சொல்லட்டுமா?"

"இந்த வருஷம் காகிதம் வந்துடும்" என்பார் மான்காரர்.

"இதையும் ஒரு எடத்துல எழுதி வைங்க. பதினோராவது தடவை."

ஆனால் இந்த வருடம் உண்மையிலேயே ஒரு காகிதம் இருந்தது. பூங்காவின் ஆண்டு விழாவில், மானின் முன்னால் நின்று, மானைக் காக்கும் தொழிலாளிக்குத் தலைவர் தன் கையால் நிரந்தர ஆணையில் கையெழுத்திடுவார் என்று நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக அச்சாகியிருந்தது. ஏழைத் தொழிலாளி, அழகிய மிருகம், கையில் பேனாவோடு தலைவர்: மூன்றும் ஒரே படத்தில் வர வேண்டும் என்பது மேலாளரின் திட்டம்.

மேலாளர் பேருந்துப் பணிமனையிலிருந்து மாற்றலாகி வந்தவர். ஒரு நாளைக்கு ஒரு சுற்றறிக்கையாவது விடாமல் அவரால் சாப்பிட உட்கார முடியாது. வந்த முதல் வாரமே, குரங்குகள் பார்வையாளர் நேரத்தில் கூண்டின் பின்பக்கம் உட்காரக் கூடாது என்று ஓர் அறிக்கை வந்தது. அதிலிருந்து எல்லோருக்கும் அவர் சுற்றறிக்கை ஐயாதான்.

விழா மூன்று முறை தள்ளிப்போனது. முதல் முறை, மற்ற நகரங்களில் தெருவிளக்குக் கம்பங்களை எப்படி நடுகிறார்கள் என்று அறியத் தலைவர் வெளிநாடு போனார். இரண்டாவது முறை, அங்கே அறிந்ததை விளக்கக் கூட்டங்கள். மூன்றாவது முறைக்குக் காரணம் சொல்லப்படவில்லை; தலைவரின் முன்பல் ஒன்று விழுந்துவிட்டது என்றும் புதிதாகக் கட்டி முடியும்வரை அவர் சிரிக்கப் போவதில்லை என்றும் அலுவலகம் முழுக்கத் தெரிந்திருந்தது. புதுத் தேதியைக் கேட்டதும் மான்காரர் விரலை மடக்கி மாதங்களை எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு நேராக மேலாளர் அறைக்குப் போனார்.

"சார், அந்தத் தேதியில மாப்பிள்ளைக்குக் கொம்பு இருக்காது."

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். "எங்க போகும்?"

"விழுந்துடும் சார்."

"ஏன் விழணும்? நீ சரியாத் தீனி போடலையா?"

"தீனிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல சார். வருஷா வருஷம் விழும்."

"மாட்டுக்கு விழுதா?"

"மாட்டுக் கொம்பு வேற சார். அதுல உள்ள எலும்பு, மேல ஒரு உறை, ஆயுசுக்கும் ஒண்ணுதான். மானுக்கு மொத்தமும் எலும்பு. வருஷத்துக்கு ஒரு தடவை புதுசா முளைக்கும். முளைக்கறப்ப மேல வெல்வெட் மாதிரி மெத்துன்னு ஒரு தோல் மூடியிருக்கும். அதுல ரத்தம் ஓடும், தொட்டா சூடா இருக்கும். நாலு மாசத்துல இவ்வளவு உசரம் வந்துடும் சார். இவ்வளவு வேகமா வளர்ற எலும்பு வேற எந்தப் பிராணிகிட்டயும் இல்லைன்னு டாக்டரம்மா சொல்வாங்க. தீனி பத்தலைன்னா தன்னோட விலா எலும்புலேர்ந்து சத்தை எடுத்துக் கொம்புக்குக் கொடுக்குமாம். அப்புறம் ரத்தம் நின்னு தோல் காஞ்சிடும். அதை மரத்துல தேச்சு உரிச்சுப் போட்டுட்டு, கொம்பைப் பளபளன்னு ஆக்கிக்கிட்டு வெளிய வருவான்."

"வந்து?"

"வந்து அலட்டுவான் சார். பெட்டைங்க பாக்கணும், மத்த கிடா பாத்துப் பயப்படணும். பாதிச் சண்டை கொம்பைக் காட்டினதுலயே முடிஞ்சுடும். மீதிக்குத்தான் முட்டிக்கறது. ஜோடி சேர்ற காலம் முடிஞ்சதும் கொம்புக்கு வேலை இல்ல. விழுந்துடும்."

"வேலை முடிஞ்சா விழுந்துடுமா?" மேலாளர் தன்னையறியாமல் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "அவ்வளவு கஷ்டப்பட்டு வளர்த்ததைக் கீழ போடறதா? இது யாரைக் கேட்டு நடக்குது?"

"அவன் யாரையும் கேக்கறதில்ல சார்."

"அதான் பாத்தேன். ஒழுங்கு இல்ல." மேலாளர் ஒரு தாளை இழுத்தார். "விழா முடியறவரைக்கும் தள்ளிவைக்கச் சொல்லு."

"மான்கிட்டயா சார்?"

"நீதானே பொறுப்பு?"

"தலைவருக்குப் பல்லு விழுந்ததுக்கு விழாவைத் தள்ளி வெச்சோமே சார், அந்த மாதிரி இதுக்கும்..."

மேலாளர் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்தார். "தலைவருக்குப் பல்லு விழல. சிகிச்சை நடக்குது. கொம்பு இல்லைன்னா ஏழாவது நிகழ்ச்சி இல்ல. ஏழாவது நிகழ்ச்சி இல்லைன்னா உன் காகிதம் இல்ல. புரியுதா?"

மான்காரருக்கு நன்றாகப் புரிந்தது. மாலையில் அடைப்பின் கதவில் சுற்றறிக்கை ஒட்டப்பட்டிருந்தது: 'ஆண் மானின் கொம்பு விழா நிறைவடையும்வரை உதிராதிருப்பதைச் சம்பந்தப்பட்ட பணியாளர் உறுதிசெய்ய வேண்டும்.' மாப்பிள்ளை அதை முகர்ந்து பார்த்தான். பசையில் மாவு கலந்திருந்ததால் கீழ் ஓரத்தைத் தின்றான்.

விழாவுக்கு ஆறு வாரம் இருக்கும்போது ஒரு பக்கக் கொம்பு விழுந்தது. மாப்பிள்ளை தண்ணீர்த் தொட்டியில் குனிந்தான். நிமிர்ந்தபோது இடது கொம்பு தொட்டியிலேயே கிடந்தது. இரண்டு நாள் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, செருப்பு ஒன்றைத் தொலைத்தவன் வீட்டுக்கு நடப்பதுபோல் நடந்தான். மூன்றாம் நாள் மற்றதும் வேலியோரம் விழுந்தது. கொம்பு இருந்த இடத்தில் இரண்டு சிவந்த வட்டங்கள். ஒரு வாரத்தில் அவற்றின் மேல் பொருக்குத் தட்டி, ஓரத்திலிருந்து தோல் மூடி வந்தது. மாப்பிள்ளை புதருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். கொம்போடு இருந்தபோது அவனைக் கண்டதும் விலகி வழிவிட்ட இளவட்டங்கள் இப்போது அவனுக்கு முன்னால் தீனியில் வாய் வைத்தன. அவன் கண்டுகொள்ளவில்லை. முதல் கவளத்தையே தின்றான்.

மேலாளர் வந்து புதருக்குள் எட்டிப் பார்த்தார். "இது யாரு?"

"மாப்பிள்ளைதான் சார்."

"அடையாளமே தெரியலையே. கழுதை மாதிரி இருக்கு."

வாரத்துக்கு ஒருநாள் வரும் கால்நடை டாக்டரம்மா அன்று வந்திருந்தார். மேலாளர் அவரைப் பிடித்துக்கொண்டார். "டாக்டர், ஒரு ஊசி போட்டு இதைத் தடுத்திருக்க முடியாதா?"

"தடுத்திருக்கலாம்" என்றார் டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே. "ரத்தத்துல ஆண் சுரப்பு இறங்கினதும் கொம்போட அடியில எலும்பு கரைய ஆரம்பிக்கும். ஒரு மாசம் முன்னாடி அந்தக் கொம்பைப் பிடிச்சு மானையே தூக்கியிருக்கலாம். போன வாரம் ஈ உக்காந்தாலே விழுந்திருக்கும். ஊசி போட்டா சுரப்பு இறங்காது, கொம்பு நிக்கும். முட்டற புத்தியும் கூடவே நிக்கும். தலைவர் பக்கத்துல வந்து நின்னா, போட்டிக்கு வந்த கிடான்னு நினைச்சுப்பான். எழுதிக் கொடுத்திருந்தீங்கன்னா போட்டிருப்பேன்."

"இப்ப, விழுந்த கொம்பையே மறுபடி பொருத்தினா?"

"அந்த இடத்துல இப்பவே புதுக் கொம்பு கிளம்பியாச்சு. முழுக்க ரத்தமும் நரம்பும். தொடவே விட மாட்டேன்." டாக்டரம்மா கையைத் துடைத்தார். "இதையும் எழுத்துல வேணுமா?"

வேண்டாம் என்று மேலாளர் தலையாட்டினார். டாக்டரம்மா போனதும் மான்காரரிடம் குரலைத் தாழ்த்தினார். "பழைய கொம்பெல்லாம் வெச்சிருக்கியாமே?"

தீவன அறையின் பரண்மேல் மாப்பிள்ளையின் ஏழு வருடக் கொம்புகளும் ஜோடி ஜோடியாகக் கயிற்றில் கட்டிக் கிடந்தன. அடைப்பில் விட்டுவைத்தால் பெட்டைகள் கூடி ரொட்டியைக் கடிப்பதுபோல் கடித்துத் தீர்த்துவிடும்; எலும்புச் சத்துக்கு அவற்றுக்கு அதைவிட நல்ல பண்டம் கிடையாது. அதனால் விழுந்ததும் எடுத்து மேலே போட்டுவிடுவார்.

"மாப்பிள்ளைக்கு வைக்க முடியாது சார். டாக்டரம்மா சொன்னாங்களே."

"அவனுக்கு எதுக்கு? மான்னா மான்தானே. சொன்னபடி நிக்கற மான் ஒண்ணு இல்லையா?"

இருந்தது. அது பெட்டை. பெயர் குட்டிம்மா. பிறந்த அன்றே தாய் செத்துப்போனதால் மான்காரர் அதைத் தன் மாடி அறைக்கே கொண்டுபோய் இரண்டு வாரம் புட்டிப்பால் கொடுத்தார். அந்த இரண்டு வாரமும் தையல்காரி வெட்டுத் துணியில் அதற்குக் காதுக்கொரு பூ கட்டி அழகு பார்த்தாள். வீட்டுக்காரர் கூரையைக் குத்தினார். தலையில் எதை வைத்தாலும் அது சும்மா நிற்பதற்கு இதுதான் காரணம். இப்போது குட்டிம்மாவுக்கே போன மாதம் ஒரு குட்டி பிறந்திருந்தது.

"சார், அது பெட்டை. பால் குடுக்குது."

"கொம்பு வெச்சா கிடா, எடுத்தா பெட்டை. யாரு குனிஞ்சு பாக்கப் போறா?" என்றார் மேலாளர். "குட்டியைக் கண்ணுல படாம வை. உன் காகிதத்தை நானே என் கையால தட்டச்சு பண்ணியிருக்கேன்யா. பாழாக்கிடாதே."

அன்று மதியம் வீட்டுக்கு வந்து மான்காரர் விஷயத்தைச் சொன்னார். தையல்காரி கேட்டுவிட்டு ஊசியில் நூல் கோத்தாள்.

"பிள்ளை பெத்தவ தலையில கொம்பு வைக்கறீங்க."

"ஒரு மணி நேரம்தான்."

"பதினோரு வருஷமா மானைப் பத்தி எனக்கு இவ்வளவு பாடம் நடத்துனீங்களே, அதுல இது ஒரு எடத்துல கூட வரலையே."

"வேண்டாம்னா விட்டுடறேன். சொல்லு."

கீழேயிருந்து ஒட்டடைக் கம்பு ஒரு குத்து குத்தியது. இயந்திரம் ஓடவில்லை, பழக்கத்தில் குத்தியிருப்பார். தையல்காரி தரையை முறைத்தாள். பிறகு, "கொம்பைக் கொண்டாங்க, அளவு பாக்கணும்" என்றாள்.

மூன்றாம் வயதில் விழுந்த ஜோடிதான் இருப்பதிலேயே இலேசானது. பக்கத்துக்கு நான்காக எட்டுக் கிளைதான். சுவரொட்டியில் பன்னிரண்டு இருந்தது. தலைவரின் பக்கத்தில் நிற்கும்போது யார் எண்ணப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடப் பையின் பழைய வாரையும் கொக்கியையும் வைத்து அவள் ஒரு தலைக்கச்சை தைத்தாள். உறுத்தாமலிருக்க, யாருடைய சோபா உறையிலோ மிச்சமான சிவப்பு வெல்வெட்டை அடியில் கொடுத்து, கொம்பின் அடிப்பாகத்தையும் அதாலேயே சுற்றித் தைத்தாள். ஒத்திகையில் குட்டிம்மா அசையவில்லை. கண்ணை உருட்டி மேலே பார்க்க முயன்றது. பிறகு தீனியைப் பார்த்தது. மற்ற பெட்டைகள்தான் வட்டமாக வந்து, அதன் தலையிலிருந்த கொம்பை ஆசையாக நக்கத் தொடங்கின.

விழா பத்து மணிக்கு. ஒன்பதுக்கே குட்டியைத் தீவன அறையில் அடைத்துவிட்டு, குட்டிம்மாவுக்குக் கொம்பு கட்டி, மேடையை ஒட்டிய வேலியோரம் தீனி காட்டி நிறுத்தினார் மான்காரர். தலைவர் பன்னிரண்டேகாலுக்கு வந்தார். அதற்குள் குட்டி இரண்டு முறை பால் குடித்திருக்க வேண்டும். குட்டிம்மாவின் மடி இறுகியிருப்பது மான்காரரின் கண்ணுக்குத் தெரிந்தது. வேறு யார் கண்ணும் கொம்பை விட்டு இறங்கவில்லை.

மேடையில் நாற்காலிகள் முதுகின் உயரப்படி போடப்பட்டிருந்தன. நடுவில் தலைவருடையது, இடப்பக்கம் ஒரு சாண் குறைவாக மேலாளருடையது, கடைசியில் முதுகே இல்லாத முக்காலியில் டாக்டரம்மா. தலைவர் எழுந்து புதுப் பல் தெரியச் சிரித்துவிட்டு, மான்காரரிடம் கேட்டு மேலாளர் எழுதிக் கொடுத்திருந்த உரையைப் படித்தார்.

"மானின் கொம்பு முளைக்கும்போது வெல்வெட் போன்ற மெல்லிய தோலால் மூடப்பட்டிருக்கும். ஆண்டுக்கொரு முறை மான் தன் கொம்பைத் தானாகவே உதிர்த்துவிடுகிறது." இங்கே தாளிலிருந்து கண்ணை எடுத்தார்; சொந்தச் சரக்கு. "நண்பர்களே, மானுக்குப் பதவி ஆசை கிடையாது. நானும் அப்படித்தான். விடு என்று சொன்னால் இந்த நிமிடமே விட்டுவிடுவேன்."

நான்காவது முறையாகத் தலைவராக இருப்பவருக்குத் தர வேண்டிய அளவுக்குக் கைதட்டினார்கள். பெட்டைகள் மூன்று வந்து குட்டிம்மாவின் கொம்பைக் கடித்துப் பார்த்தன.

"பாருங்க, பெண் மான்களுக்கு அவன் மேல எவ்வளவு பாசம்!" என்றார் தலைவர்.

டாக்டரம்மாவுக்கு இருமல் வந்தது.

ஏழாவது நிகழ்ச்சி. தலைவர் இறங்கி வேலியருகே வந்தார். மேலாளர் அட்டையில் செருகிய ஆணையை நீட்டினார். மான்காரர் வேலிக்கு உள்ளே, மானின் கழுத்தருகே, சலவைச் சட்டையில் நின்றார். கூட்டத்தின் முதல் வரிசையில் தையல்காரி இருந்தாள். தலைவர் பேனா மூடியைத் திறந்தார்.

"சார், கொஞ்சம் இடது பக்கம்" என்றார் புகைப்படக்காரர். "மானோட மூஞ்சி மறையுது. முகத்தை மட்டும் இப்படி. பேனா காகிதத்தைத் தொடாம இருக்கட்டும், நான் சொன்னதும் எழுதுங்க."

அப்போது தீவன அறையிலிருந்து குட்டி கத்தியது.

சின்னச் சத்தம்தான். குட்டிம்மா கேட்டுவிட்டது. சத்தம் வந்த பக்கம் திரும்பிய வேகத்தில் கொம்பின் கிளை வேலிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. அதற்குக் கொம்பு வைத்துக்கொண்டு பழக்கமில்லை. கிடாவாக இருந்தால் தலையைச் சாய்த்து எடுத்துக்கொண்டிருக்கும். குட்டிம்மா பின்னுக்கு இழுத்தது. தாடைக்கு அடியில் வார் இறுகியது. இன்னொரு முறை இழுத்தது. முன்கால் மடங்கியது.

"விடு, ஒரே நிமிஷம், படம் முடிஞ்சுடட்டும்" என்று மேலாளர் உதடு அசையாமல் சொன்னார்.

"ரெடி சார்..." என்றார் புகைப்படக்காரர்.

மான்காரர் ஆணையைப் பார்த்தார். அதில் தன் தொழிலுக்கு முன்னால் 'தற்காலிக' என்ற சொல் இல்லாததை முதல் தடவையாகப் பார்த்தார். பிறகு குட்டிம்மாவின் நாக்கு வெளியே வந்திருப்பதைப் பார்த்தார். இரண்டெட்டில் போய்க் கொக்கியை நெம்பினார். கச்சை கழன்றது. குட்டிம்மா தலையை உருவிக்கொண்டு நாலு காலில் ஓடியது. கம்பியில் தொங்கிய கொம்பை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, நடந்ததை மறைக்க எந்த வழியும் தெரியாமல், மான்காரர் கூட்டத்துக்கு முன்னால் நின்றார்.

மேலாளர் தன் மாற்றல் உத்தரவை மனதுக்குள் தட்டச்சு செய்ய ஆரம்பித்திருந்தார்.

தலைவரின் வாய் மெதுவாகத் திறந்தது. "விழுந்துடுச்சு!" என்றார்.

கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "இப்பதானே சொன்னேன்? ஆண்டுக்கொரு முறை தானாவே உதிர்த்துடும்னு! சொல்லி வாய் மூடல, விழுந்துடுச்சு!"

முதலில் ஒருவர் தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். உரையின் போது தட்டியதைவிட இது பலமாக இருந்தது.

மான்காரர் ஓர் அடி முன்னால் வந்தார். "சார், அது பெட்டை மான். பழைய கொம்பைக் கட்டி வெச்சிருந்தோம்."

"அடக்கத்தைப் பாருய்யா!" தலைவர் சிரித்தார். "பதட்டப்படாதேப்பா. உன் மேல தப்பில்ல. இது இயற்கை." வேலிமேல் கையை நீட்டிக் கொம்பை வாங்கினார். அடியைத் தடவினார். "ஆஹா. வெல்வெட்! அப்படியே இருக்கு. நான் படிச்சேன் பாத்தீங்களா? இந்தக் கொக்கி எதுக்கு?"

"அடையாள வளையம் சார்" என்றார் மேலாளர். அவருக்கு மூச்சு திரும்பியிருந்தது.

அதற்குள் யாரோ தீவன அறைக் கதவைத் திறந்திருந்தார்கள். டாக்டரம்மாவின் முக்காலி காலியாக இருந்தது. குட்டி பாய்ந்து வந்து குட்டிம்மாவின் மடியில் முட்டி முட்டிப் பால் குடிக்கத் தொடங்கியது. மொத்தக் கூட்டமும் பார்த்தது. தலைவரும் பார்த்தார். சிறிது நேரம் யோசித்தார்.

"கொம்பு விழுந்ததும் எவ்வளவு சாந்தமாயிடுச்சு" என்றார். "தாய்மை வந்துடுச்சு."

"ஆமா சார்" என்றார் மேலாளர். "சீசன் சார்."

புகைப்படக்காரர் அதையும் எடுத்தார்.

தலைவர் ஆணையில் கையெழுத்திட்டார். பேனா திறந்தே இருந்ததால் நிறுத்த மனமில்லாமல், கையெழுத்துக்கு மேலே தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: 'ஆண்டுதோறும் இதே நாளில், பொதுமக்கள் முன்னிலையில், கொம்பு உதிர்ப்பு நிகழ்ச்சியை நடத்தும் பொறுப்புடன்.' பிறகு கொம்பைத் தானே எடுத்துக்கொண்டு காரில் ஏறினார்.

தையல்காரி வேலிக்கு வந்து ஆணையை வாங்கி, இரண்டு தடவை படித்தாள்.

"அந்தத் தேதியில மாப்பிள்ளைக்கு என்னைக்குமே கொம்பு இருக்காதே?"

"இருக்காது."

"அப்போ குட்டிம்மாவுக்கும் நிரந்தரம்தான்." காகிதத்தை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். "அடுத்த தடவை கழுத்துக்குக் கொக்கி வேணாம். லேசா இழுத்தாலே அவுந்துக்கற மாதிரி முடிச்சு வெச்சுத் தரேன். உண்மையைச் சொல்லிப் பாத்தீங்க, எடுபடலை. அவ கழுத்தாவது தப்பட்டும்."

மூன்றாம் நாள் பின்வேலி வீட்டின் பூட்டைத் திறந்தார்கள். குழாயில் முதல் வாளி துருவாக வந்தது, இரண்டாவது தெளிந்தது. அன்றே அவள் இயந்திரத்தை மிதித்துப் பார்த்தாள். யாரும் குத்தவில்லை. ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். பிறகுதான் முழு வேகத்தில் ஓட்டினாள்.

புதருக்குப் பின்னால் மாப்பிள்ளையின் தலையில் இரண்டு குமிழ்கள் கட்டைவிரலாகி, முழங்கையாகி, கிளை பிரிந்தன. சாம்பல் நிறத் தோல் மூடி, தொட்டால் சுட்டது. அந்த மாதங்களில் அவன் எதன்மேலும் இடித்துக்கொள்ளாமல், கண்ணாடிச் சாமான் சுமப்பவனைப்போல் நடந்தான். மழைக்காலம் வந்து போனது. வாயிற்சுவரின் சுவரொட்டியில் மட்டமான மையில் அச்சிட்டிருந்த தலைவரின் முகம் கரைந்து, கொம்பு மட்டும் நின்றது. மாற்றி ஒட்டச் சொல்லி ஒரு சுற்றறிக்கை வந்தது, பசை வரவில்லை.

அதற்கடுத்த வாரம் ஒரு நாள் காலை, மான்காரர் தீனிக் கூடையோடு கிளம்பும்போது முற்றத்திலிருந்து தையல்காரியின் குரல் கேட்டது.

"உங்க மாப்பிள்ளை செஞ்சிருக்கற வேலையை வந்து பாருங்க!"

துணிக்கொடியின் மறுமுனை வேலிக் கம்பத்தில் கட்டியிருந்தது. மாப்பிள்ளை அந்தக் கம்பத்தில்தான் கொம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். காய்ந்த தோல் நாடா நாடாவாக உரிந்து, இரத்தக் கறையோடு, கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டைமேல் தொங்கியது. மேலாளர் தளர்த்தித் தரச் சொல்லிக் கொடுத்திருந்த சட்டை. விழாப் படங்களில் வயிறு தெரிந்ததாம்.

"நான் என்னன்னு சொல்லிக் குடுப்பேன்?"

"பச்சைத் தண்ணியில ஊறப் போடு. ரத்தம் போயிடும்" என்றார் மான்காரர். வேலியருகே போய்க் கிளைகளை எண்ணினார். பதினான்கு. இந்த வருடம் இரண்டு கூடியிருந்தது.

கூடையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து நீட்டினார். ஐந்து நிமிடம் தாமதம். மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.